டிவிடெண்டை எடுப்பதா, திருப்பிப் போடுவதா? பணம் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள்

என் மாமா காங்கயம் பக்கம் இருக்கிறார். வயது 71. நூற்பு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆடி நோம்பி முடிந்த வாரத்தில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அவிநாசியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்மிணி, இதுல 3,600 ரூவா வந்திருக்குது பாரு. பங்குக் காசுங்கறாங்க. இதை எடுத்துச் செலவு பண்றதா, அதே பங்கை இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடறதா?" என்று கேட்டார்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 24 வருடம் கணக்கு எழுதியவள். 2003-லிருந்து சிறுகச் சிறுகப் பங்கு வாங்கி வருகிறேன். "உட்காருங்க மாமா, சாப்பிட்டுப் பேசலாம்" என்று சொல்லி, அன்றைக்கு மத்தியானம் ஒரு 40 பக்க நோட்டில் எழுதிக் கொடுத்தேன். அந்த நோட்டில் இருந்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மாமாவுக்கு ஏலச்சீட்டு நன்றாகத் தெரியும். அதனால் அங்கிருந்து தொடங்கினேன். சீட்டில் கழிவு விழுந்தால் அந்தக் காசை நம் கையில் தர மாட்டார்கள். கட்ட வேண்டிய தவணையில் கழித்துக்கொள்வார்கள். 5,000 கட்ட வேண்டிய இடத்தில் 4,200 கட்டுவோம். அந்த 800 எங்கேயும் சிதறாமல் சீட்டுக்குள்ளேயே நின்றுவிடும். பங்கில் வரும் டிவிடெண்ட், அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் காசு, அப்படி நிற்காது. அமெரிக்காவில் பல கம்பெனிகள் டிவிடெண்டுக்கு ஈடாக அதே பங்கைத் தானாக வாங்கிச் சேர்க்கும் திட்டம் வைத்திருக்கின்றன. ஒரு முறை கையெழுத்துப் போட்டால் போதும், கால் பங்கு அரைப் பங்கு கூடக் கணக்கில் ஏறும். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. இங்கே டிவிடெண்ட் பேங்க் கணக்குக்குப் பணமாக வரும். திருப்பிப் போட வேண்டுமென்றால் நாமேதான் சந்தையில் வாங்க வேண்டும், அதுவும் முழுப் பங்காக.

இதனால் என்ன ஆகிறது என்றால், நாம் ஒன்றும் முடிவெடுக்காமல் இருந்தாலே பணமாக எடுத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். எனக்கு இது புரிய எட்டு வருடம் ஆனது. 2009-லிருந்து 2016 வரை என் டிவிடெண்ட் எல்லாம் வீட்டுச் செலவுக் கணக்குக்கே வந்தது. கேஸ், கரண்ட் பில், ஸ்கூல் வேன், மளிகை எல்லாம் அதே கணக்கிலிருந்துதான் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேங்க் ஸ்டேட்மென்ட்களைப் பரப்பி வைத்து டிவிடெண்ட் வரிகளை மட்டும் பச்சைப் பேனாவில் வட்டமிட்டுக் கூட்டினேன். 71,000 ரூபாய்க்கு மேல் வந்தது. அதற்கு ஈடாகக் காட்ட என்னிடம் ஒரு பங்கும் இல்லை, ஒரு பொருளும் இல்லை. செலவழித்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. எதற்குச் செலவழித்தேன் என்று தெரியாததுதான் மனதை அறுத்தது. மகளின் காலேஜ் பீஸுக்கு என்று தெரிந்தே எடுத்திருந்தால் இன்றைக்கும் நிம்மதியாகச் சொல்வேன்.

அதனால் என் வழி இதுதான். ஒவ்வொரு பங்குக்கும் நேராக, டிவிடெண்ட் வருவதற்கு முன்பே நோட்டில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். எடுப்பதாக இருந்தால் எதற்கு என்று எழுத வேண்டும். போடுவதாக இருந்தால் எதில் என்று எழுத வேண்டும். அந்த வரியை எழுதுவதற்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்பது இனி.

தலைப்புச் செய்தியின் சதவீதத்தை நம்பாதீர்கள்

மாமா ஒரு துண்டுப் பேப்பரையும் கொண்டு வந்திருந்தார். "450 சதவீதம் டிவிடெண்ட்" என்று அதில் இருந்தது. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சதவீதம் பங்கின் முகமதிப்புக்கு, அதாவது பங்கில் எழுதியிருக்கும் அடிப்படை மதிப்புக்குச் சொல்வது. அவருடைய பங்கின் முகமதிப்பு 2 ரூபாய். அதில் 450 சதவீதம் என்றால் 9 ரூபாய். சந்தை விலை அன்றைக்கு 300 ரூபாய். ஆக, 300 ரூபாய் போட்டு வைத்திருப்பதற்கு வருடம் 9 ரூபாய், அதாவது 3 சதவீதம். 400 பங்குக்கு 3,600. நீங்கள் பார்க்க வேண்டியது இந்த 3 சதவீதத்தைத்தான்.

ஒரே ஒரு முறை தரும் சிறப்பு டிவிடெண்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இடம் விற்ற காசை ஒரு கம்பெனி பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் அடுத்த வருடமும் விற்க இடம் இருக்குமா?

இன்னொன்று. எக்ஸ்-டிவிடெண்ட் தேதியில் (அன்றைக்கோ அதற்குப் பிறகோ வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடைக்காது) அந்தப் பங்கின் விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கித்தான் தொடங்கும். முந்தின நாள் 300-ல் முடிந்த பங்கு, வேறு காரணம் எதுவும் இல்லாவிட்டால், 291-ஐ ஒட்டித் திறக்கும். பசு மடியில் இருந்த பால் சொம்புக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். டிவிடெண்டை வாங்கிக்கொண்டு விற்றுவிடலாம் என்று முந்தின நாள் ஓடிப் போய் வாங்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கையில் வந்த 9 ரூபாய்க்கு வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

கடன் இருந்தால் கேள்வியே அங்கே முடிந்துவிடும்

என் தம்பி கொப்பரைக் களம் வைத்திருக்கிறான். காய் வாங்க, உடைக்க, உலர்த்த, எண்ணெய் மில்லுக்கு அனுப்பிப் பணம் வருகிற வரை கைமுதல் வேண்டும். பற்றாக்குறைக்கு வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்குவான். மாதம் நூற்றுக்கு ரெண்டு ரூபாய் என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். அப்படிக் கடன் நிற்கும்போது அவன் டிவிடெண்டை எடுத்து மறுபடியும் பங்கு வாங்கிக்கொண்டிருந்தான். "நல்ல பங்கு அக்கா, 15 சதவீதம் வளரும்" என்றான். வளரலாம், வளராமலும் போகலாம். 24 சதவீத வட்டி போவது மட்டும் நிச்சயம். கடனை அடைத்தால் அந்த 24 சதவீதமும் வரியில்லாமல், சந்தேகமில்லாமல் மிச்சம்.

நகைக்கடனும் அப்படித்தான். பேங்கில் 9, 10 சதவீதம் வட்டியில் நகை இருந்தால் முதலில் அதைத் திருப்புங்கள். வீட்டுக்கடனைப் பற்றி மட்டும் நான் கறாராகச் சொல்ல மாட்டேன். வட்டி குறைவு, வருடமும் நிறைய இருக்கிறது, அங்கே இரண்டு பக்கமும் நியாயம் உண்டு.

இன்றைக்குப் புதிதாக வாங்குவீர்களா?

கடன் இல்லை, இந்தக் காசை நம்பி மாதாந்திரச் செலவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்து நான் கேட்பது: இந்த 3,600 ரூபாய் டிவிடெண்டாக இல்லாமல் கொப்பரை விற்ற காசாக வந்திருந்தால், இன்றைய விலையில் இந்தப் பங்கை வாங்குவீர்களா? வாங்குவேன் என்று மனம் சட்டென்று சொன்னால் போடலாம். தயங்கினால் அந்தப் பங்கில் போடக் கூடாது. டிவிடெண்டாக வந்த ரூபாய்க்கும் மற்ற ரூபாய்க்கும் வித்தியாசம் கிடையாது. எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போக வேண்டும் என்ற கட்டாயமும் அதற்கு இல்லை.

மொத்தச் சேமிப்பில் ஒரே பங்கு ஐந்தில் ஒரு பாகத்தைத் தாண்டிவிட்டால், அது எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் அதன் டிவிடெண்டை நான் அதில் திருப்பிப் போடுவதில்லை. வேறு பங்குக்கோ மியூச்சுவல் ஃபண்டுக்கோ மாற்றிவிடுவேன். இது என் சொந்த அளவுகோல். நீங்கள் நாலில் ஒரு பாகம் என்று கூட வைத்துக்கொள்ளலாம், ஏதோ ஒரு எல்லை இருந்தால் சரி. கொங்கு நாட்டில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நமக்கு உள்ளூர்க் கம்பெனி மேல் பாசம் அதிகம். கோயம்புத்தூர் மில், கரூர் பேங்க், நம்ம ஆளுங்க என்று அப்பா காலத்திலிருந்து வைத்திருப்போம். 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27-ஆம் தேதி டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. போட்டு வைத்தவர்களின் டெபாசிட்டுக்கு எதுவும் ஆகவில்லை. ஆனால் பங்கு மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாயும் இல்லை. அந்தப் பங்கில் பல வருடம் வந்த டிவிடெண்டை வேறு இடத்தில் போட்டவருக்கு அதுவாவது மிஞ்சியிருக்கும். அதே பங்கில் போட்டுக்கொண்டே வந்தவருக்கு எதுவும் மிஞ்ச வழியில்லை.

திருப்பிப் போட்டால் எவ்வளவு கூடும்

இதை நான் மாமாவுக்குக் கால்குலேட்டரில் போட்டே காட்டினேன். விலை 300-லேயே நிற்கிறது, டிவிடெண்ட் 9-லேயே நிற்கிறது, வரி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 பங்கு. ஒவ்வொரு வருடமும் திருப்பிப் போட்டால் 20 வருடத்தில் ஏறக்குறைய 722 பங்கு ஆகும். அப்போது வருட டிவிடெண்ட் 3,600-லிருந்து 6,500 ஆகியிருக்கும். எடுத்துக்கொண்டே வந்தால் 20 வருடத்தில் கையில் வந்தது 72,000. போட்டவரிடம் கூடுதலாக இருப்பது 322 பங்கு, மதிப்பு 96,000-க்கு மேல்.

இப்போது வரியைச் சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச் வரை டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனியே கட்டிவிட்டு நமக்கு மீதியைத் தரும். அதனால் பெரும்பாலோர் அதை வரியில்லாத வருமானமாகவே பார்த்துப் பழகிவிட்டார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் அது மாறிவிட்டது. டிவிடெண்ட் நம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து, நாம் எந்தப் படியில் இருக்கிறோமோ அந்த விகிதத்தில் வரிக்கு வரும். 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு செஸ்ஸும் சேர்த்து 20.8 சதவீதம் போகும். மேலே சொன்ன அதே கணக்கில் அவருக்கு 20 வருடத்தில் 722 பங்குக்குப் பதில் 640 பங்குதான். 30 சதவீதப் படி என்றால் 602. எடுத்தாலும் இந்த வரி உண்டு, போட்டாலும் உண்டு. "நான்தான் பணத்தை எடுக்கவே இல்லையே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஆகவே சம்பளம் அதிகமாக வருகிற வயதில், பெரிய டிவிடெண்ட் தரும் பங்கைத் தேடித் தேடி வாங்கி அதைத் திருப்பிப் போடுவது சுற்று வழி. லாபத்தைத் தொழிலிலேயே போட்டு வளர்கிற கம்பெனியைப் பார்ப்பது நேர் வழி.

மியூச்சுவல் ஃபண்டிலும் இதே விஷயம்தான். முன்பு டிவிடெண்ட் ஆப்ஷன் என்று சொன்னதை 2021 ஏப்ரலிலிருந்து ஐடிசிடபிள்யூ (இன்கம் டிஸ்ட்ரிப்யூஷன் கம் கேபிடல் வித்டிராயல்) என்று பெயர் மாற்றினார்கள். பெயரிலேயே நம் முதலும் சேர்ந்துதான் வெளியே வருகிறது என்ற அர்த்தம் இருக்கிறது. அதில் 'ரீஇன்வெஸ்ட்மென்ட்' என்று டிக் போட்டால் காசு கைக்கு வராமலேயே யூனிட்டாக மாறும், ஆனால் வரி மட்டும் வருடா வருடம் கட்ட வேண்டும். திருப்பிப் போடத்தான் எண்ணம் என்றால், காசை வெளியே தராமல் உள்ளேயே வைத்து வளர்க்கும் குரோத் ஆப்ஷனை ஃபண்டில் எடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

மாமா போன்றவர்களுக்கு வரி ஒரு பிரச்சினையே இல்லை. அவருடைய மொத்த வருமானத்துக்கு வரியே வராது. பிடித்தம் பற்றி மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே கம்பெனியிலிருந்து ஒரு நிதியாண்டில் 10,000 ரூபாய்க்கு மேல் டிவிடெண்ட் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். 2025 மார்ச் வரை இந்த வரம்பு 5,000 ஆக இருந்தது. பான் எண் சரியாக இல்லாவிட்டால் 20 சதவீதம் போய்விடும். வரி வராதவர்கள் 15ஜி, மூத்தவர்கள் 15ஹெச் என்று நாம் சொல்லிப் பழகிய படிவத்தை முன்கூட்டியே கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். பிடித்துவிட்டாலும் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, சரி. ஆனால் டிவிடெண்டும் மற்றதும் சேர்ந்து வரியில்லாத வரம்பைத் தாண்டினால், எந்த விகிதம் என்று கணக்கிட விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வரி குறையட்டும் என்று மனைவி பெயரில் பங்கு வாங்கிக் கொடுத்தாலும், வாங்கிய காசு கணவனுடையது என்றால் அந்த டிவிடெண்ட் கணவன் வருமானத்தில்தான் சேரும். மனைவியின் அப்பா அம்மா கொடுத்த காசில் வாங்கியது மனைவியுடையதே.

எப்படிப் போடுவது

வந்த அன்றைக்கே அந்தந்தப் பங்கை வாங்க வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். 400 ரூபாய் டிவிடெண்டுக்குப் பங்கு வாங்கி அதில் 20 ரூபாய் தரகு போனால் 5 சதவீதம் அங்கேயே கரைந்துவிடும். வாங்கும்போது பரிவர்த்தனை வரி 0.1 சதவீதமும், முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதமும் தனி. நான் செய்வது இது. டிவிடெண்டுக்கு என்றே இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். அதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, போனில் யுபிஐயும் இணைக்கவில்லை. டிவிடெண்ட் எந்தக் கணக்குக்கு வரும் என்பதை டீமேட் கணக்கில் (நம் பங்குகள் பேப்பர் இல்லாமல் பதிவாகியிருக்கும் கணக்கு) பதிந்துள்ள பேங்க் விவரம்தான் தீர்மானிக்கிறது. அதனால் டீமேட் வைத்திருக்கும் இடத்தில் எழுதிக் கொடுத்து அதை மாற்றினேன். ஒரு கேன்சல் செய்த செக்கும் கையெழுத்துப் போட்ட படிவமும் கேட்டார்கள். இந்த ஒரு மாற்றம்தான் என் எட்டு வருடப் பழக்கத்தை நிறுத்தியது.

வருடக் கடைசி டிவிடெண்ட் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் வந்து சேரும். இடைக்கால டிவிடெண்ட் ஐப்பசிக்கு மேல் தை, மாசி வரை வரும். ஆகவே வருடத்தில் இரண்டு நாள் குறித்து வைத்திருக்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் ஒன்று, மார்ச் முதல் வாரத்தில் ஒன்று. அன்றைக்கு அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும் மொத்தத்துக்கும், நோட்டில் எழுதி வைத்ததைப் பார்த்து வாங்குவேன். ஒரு பங்கு விலைக்குக் குறைவாக மிஞ்சுவது அடுத்த முறைக்கு நிற்கும்.

ஒவ்வொரு முறை வாங்குவதும் தனிக் கொள்முதல் என்பதையும் மறக்காதீர்கள். விற்கும்போது முதலில் வாங்கியது முதலில் போனதாகக் கணக்கு. 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தவற்றில் வருடத்துக்கு 1.25 லட்சம் வரையான லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதம் ஆகாதவற்றுக்கு 20 சதவீதம். தேதி, எண்ணிக்கை, விலை மூன்றையும் எழுதி வையுங்கள், பிற்பாடு மகனோ மகளோ கணக்குப் பார்க்கும்போது உங்களை வாழ்த்துவார்கள்.

எடுக்கவும் போடவும் முடியாமல் போகிற காசும் உண்டு. என் மாமனார் பெயரில் பேப்பராக இருந்த பங்குகளுக்கு டிவிடெண்ட் வாரன்ட் (செக் மாதிரியான தாள்) பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வீடு மாறியதை யாரும் எழுதித் தெரிவிக்கவில்லை. ஏழு வருடம் வாங்காமல் கிடந்தால் அந்த டிவிடெண்ட் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருடம் வாங்காவிட்டால் பங்கே அங்கே போய்விடும். போனாலும் நம் உரிமை அழியாது, ஐஇபிஎஃப்-5 என்ற படிவத்தில் விண்ணப்பித்துத் திரும்ப வாங்கலாம். ஆனால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், கையெழுத்துச் சரிபார்ப்பு என்று ஒன்றரை வருடம் அலைந்தேன். உங்கள் வீட்டுப் பீரோவில் பழைய பங்குப் பத்திரம் இருந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

மாமாவிடம் கடைசியாக, "உங்களுக்கு இந்தக் காசு இல்லாமல் மாதம் ஓடுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பென்ஷன் ரொம்பக் கம்மி, சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மாதம் 1,100 ஆகிறது, மகனிடம் கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். அப்படியானால் யோசிக்கவே வேண்டாம் மாமா, எடுங்க என்றேன். 20 வருடத்துக் கணக்கெல்லாம் என் மகளுக்கு. 71 வயதில் தன் மாத்திரையைத் தன் காசில் வாங்குவதற்காகத்தான் அவர் அந்தப் பங்கை இத்தனை வருடம் விற்காமல் வைத்திருந்தார்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் பேனாவை வாங்கி நோட்டின் முதல் பக்கத்தில் அவரே எழுதினார்: "400 பங்கு. டிவிடெண்ட் எடுப்பது. மாத்திரைக்கு." எழுதிவிட்டு அன்றைய தேதியையும் போட்டுக் கையெழுத்துப் போட்டார்.